செத்த நேரம்

அன்று படகில் என் மகளுக்கு என்ன புரிந்தது? ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்தமானுக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஆவணியில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்து, நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். எங்காவது வெளியூர் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னதை என் கணவர் மருந்துச்சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டார். நான்கு வயது மகளிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. தம்பி எப்போது வருவான் என்று அவள் முதன்முதலில் கேட்டபோது, தையல் வலியோடு படுத்திருந்த நான், "செத்த நேரத்துல வந்துருவான்" என்றேன். திண்டுக்கல்லில் பஸ் வருவதற்கும் குழம்பு கொதிப்பதற்கும் அப்படித்தான் சொல்வோம். சற்று நேரம் என்பதைத் தாண்டி அதில் வேறு சொல் ஒளிந்திருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

தீவில் அது அவசரமில்லாத நாள். படகுத்துறைக்குப் போகும் வழியில் என் கணவர் ஒரு காய்கறிக் கடையில் நின்று தக்காளியை அமுக்கிப் பார்த்தார். ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். இங்கே வந்துமா என்று கேட்டேன். "நம்ம ஊருக் காயான்னு பாத்தேன்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன். சிரித்துவிட்டோமே என்று உடனே பயமாகவும் இருந்தது.

படகின் அடித்தளம் கண்ணாடி. படகோட்டி ராமநாதபுரத்துக்காரர் என்பதால் தமிழிலேயே விளக்கிக்கொண்டு வந்தார். மகள் குப்புறப் படுத்து நீல மீன்களை எண்ணினாள். திடீரென்று கீழே எல்லாம் எலும்பு கொட்டிவைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. இது ஏன் கலரே இல்லை என்று கேட்டாள்.

"இது செத்த பவளம், பாப்பா."

"செத்த நேரம் கழிச்சு எந்திரிக்குமா?"

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படகோட்டியும் சிரித்தார். "செத்தது எங்கிட்டுப் பாப்பா திரும்பி வரும்?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நான் ஏற்கெனவே இறுக்கமாக இருந்த அவளது மிதவைச் சட்டையின் வாரை இன்னும் இழுத்துக் கட்டி, "அங்க பாரு, ஆமை" என்றேன். அங்கே ஆமை எதுவும் இல்லை. கரை வரும்வரை அவள் தேடிக்கொண்டே வந்தாள்.

மதியம் கடற்கரையில், "அப்பாகூட செத்த நேரம் இரு, ஈரத்துணிய மாத்திட்டு வாரேன்" என்றேன். வாய்ப்பழக்கம். மணல் ஒட்டிய கைகளால் என் காலைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை.

"செத்த நேரம் வேணாம்மா."

இரண்டு கையிலும் இளநீரோடு வந்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். அறைக்குத் திரும்பி, அவள் தூங்கிய பிறகு சொன்னார்: "சின்னப்புள்ள, மறந்துரும். நீயாக் கெளறாத." சரி என்றேன். அவர் சொன்னது சரியென்று பட்டதா, எனக்கும் அதுதான் வசதியாக இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் தம்பியைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஆனால் நான் பையை எடுத்தால் எம்புட்டு நேரம் என்கிறாள். பெரிய முள் ஆறுக்கு வருவதற்குள் என்று சொன்னால் கடிகாரத்துக்கு அடியிலேயே போய் நிற்கிறாளாம். போன வாரம் பீரோவிலிருந்து தம்பிக்கு வாங்கிய மஞ்சள் குல்லாவை எடுத்துத் தன் பொம்மைக்கு மாட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் கழற்றி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நானும் பார்க்காததுபோல் அடுப்படிக்குப் போனேன்.

மறந்துவிட்டாள் என்கிறார் அவர். எனக்காகக் கேட்காமல் இருக்கிறாளோ என்று நான் நினைக்கிறேன்.

இந்த வயதுக் குழந்தையிடம் ஒரு சாவைச் சொல்லியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். அவள் கேட்கும்வரை காத்திருப்பதா, நானே தொடங்குவதா? தொடங்கினால், முதலில் எந்தச் சொல்லைச் சொன்னீர்கள்?