வாசலை விட்டு நகராத ராணி

எங்கள் வீட்டுத் தீபாவளி ஓபன் ஹவுஸுக்கு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகலாம் என்பதால், பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேராவது வந்துவிடுவார்கள். அம்மா காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பார். நான் தட்டுகளைச் சுமப்பேன். அக்கா மட்டும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வருகிறவர்கள் முதலில் முறுக்கை எடுப்பார்கள், அடுத்து "பிரமோஷன் கிடைச்சிருச்சா?" என்பார்கள். அக்கா அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்களே ஒவ்வொருவராக அவளுக்கு மேலதிகாரியாகப் போய் உட்கார்ந்தார்கள். இதை ஒவ்வொரு விருந்தாளிக்கும் புதிதாகச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

அந்தப் பின்னறையில்தான் எங்கள் கேம் பிறந்தது. கதை அக்காவுடையது, புரோகிராம் என்னுடையது. வில் பிடித்த ஒரு பெண் தன்னந்தனியாகக் காட்டுக்குள் புறப்படுவாள். பூதங்களை வெல்வாள், கடைசியில் அரண்மனை வாசலைக் காக்கும் கல் யாளியை வீழ்த்துவாள். உள்ளே போவாள், வாசல் மூடிக்கொள்ளும், அரியணையில் அமர்வாள். திரையில் முடிவுரை வரும். இப்படி மூன்று பாகங்கள் செய்தோம். பிளாப்பி டிஸ்க்கில் நகலெடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தோம், அவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். காஜாங்கில் எவனோ மூன்றையும் முடித்துவிட்டானாம் என்று காதில் விழுந்தால் அக்காவுக்கு அன்று பசிக்காது. உழைத்தவருக்கு நாற்காலி கிடைக்கிற ஓர் இடத்தை அவள் கட்டியிருந்தாள். அது எனக்கும் புரிந்துதான் இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் இன்டர்நெட் வந்ததும் எனக்குக் கை அரித்தது. ஒருவர் ஆடுகிற கேமை எல்லோரும் சேர்ந்து ஆடுகிற கேமாக மாற்றிவிடலாம் என்றேன். சொல்வது சுலபம். கதையில் நாயகி ஒருத்தி, ஆனால் உள்ளே நுழைகிற எல்லோருமே நாயகி. காட்டோரக் கிராமத்தில் ஒரு கிழவர், "உனக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தோம்" என்பார். சோதனை பார்த்த அன்று அவர் முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் அதையே சொன்னார், தேர்தல் நேரத்து வேட்பாளர் மாதிரி. கிழவரை நீக்கினோம். அடுத்து அரியணையையும் நீக்கிவிடலாம் என்றேன்.

"அத எடுத்துட்டா அது என் கதையே இல்லடா. நாலாவது பாகம்னு என்கிட்ட வராத," என்றாள் அக்கா.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். யாளியை முதலில் வீழ்த்துகிறவர் மட்டும் அரியணையில் உட்காரலாம். முடிவுரை அவர் திரையில் மட்டும் வரும். அதன் பிறகு ஆட்டத்தை எல்லோருக்கும் முதலிலிருந்து தொடங்கிவிடுவோம். வாசல் விஷயத்தில் மட்டும் நான் ஒரு விதி சேர்த்தேன். அந்தக் காலத்து டெலிபோன் லைன் எந்த நேரத்திலும் அறுந்துபோகும், வாசற்படியில் நிற்கும்போது அறுந்தால் ஆள் கதவுக்கிடையே மாட்டிக்கொள்வார். ஆகவே, வாசலில் யாராவது நின்றால் கதவு மூடாது என்று எழுதிவைத்தேன். அக்காவும் சரி என்றாள். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருவருமே நினைத்தோம்.

அந்த வருஷத் தீபாவளியன்று மத்தியானம் அது நடந்தது. ஹாலில் கூட்டம் நெரிகிறது. அக்கா அறையிலிருந்து என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். திரையில், கிள்ளானிலிருந்து ஆடும் ஒரு பெண் யாளியைச் சாய்த்திருந்தாள். ஆள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. சண்டைக்கு நடுவே கிள்ளான் மழையைத் திட்டுவாள், அவ்வளவுதான் பழக்கம். அரண்மனைக் கதவு திறந்தது. இன்டர்நெட்டில் விட்ட இத்தனை மாதத்தில் ஒருவர்கூட அந்த முடிவுரையைப் படித்திருக்கவில்லை.

கிள்ளான்காரி வாசலில் ஏறி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு எல்லோர் திரையிலும் தெரியும்படி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்: "தீபாவளி லா! எல்லாரும் வாங்க, ஓபன் ஹவுஸ்!"

வந்தார்கள். செமினியிலிருந்து ஆடும் மாணவர்கள், காஜாங்காரர், "செலாமாட் தீபாவளி" என்று வாழ்த்திக்கொண்டு ஒரு மலாய்க்காரர், இன்னும் ஒரு பூதத்தைக்கூட அடிக்காத கற்றுக்குட்டிகள், எல்லோரும் காட்டைக் கடந்து அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். வாசலில் ஆள் நிற்பதால் கதவு மூடவே இல்லை. காயம் ஆறத் தின்பதற்காக நான் வைத்திருந்த ரொட்டிகளைத் தரையில் போட்டு, ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். அரியணை காலியாகவே கிடந்தது.

"போய் உட்காரேண்டி!" என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள். "யாளியை அடிச்சது நீ! இவங்கல்லாம் என்ன செஞ்சாங்க?"

அதே சமயம் ஹாலில் அம்மா டெலிபோனை எடுத்தார், கிள்ளானிலிருந்து கிளம்பிய சித்தி எங்கே இருக்கிறார் என்று கேட்க. இன்டர்நெட்டும் அதே லைன் என்பதால் எங்கள் இணைப்பு அறுந்தது. நான் அம்மாவிடம் கெஞ்சி மறுபடி இணைப்பு வாங்கியபோது அக்கா என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நகரு. நானே போய்ச் சொல்றேன்."

அக்கா தன் கேமுக்குள் ஓர் ஆளாகப் போனதே இல்லை. கேமை உண்டாக்கியவர்கள் எந்த இடத்திலும் இறங்கலாம் என்பதால் அவளை அரண்மனை வாசலிலேயே இறக்கிவிட்டேன். அவள் ஓர் எழுத்தைத் தட்டுவதற்குள் கிள்ளான்காரி முந்திக்கொண்டாள்.

"வாங்க வாங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வந்து சாப்பிடுங்க."

திரையில் அக்காவின் பையில் ஒரு ரொட்டி வந்து விழுந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்கதானே ஜெயிச்சீங்க, போய் உட்காருங்க," என்று தட்டினாள். கத்தலில் இருந்த சூடு எழுத்தில் இல்லை.

"வந்தவங்க இருக்கும்போது நான் எப்படி உட்கார்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா யாரையோ இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவரும் இன்னும் உட்கார்ந்திருக்கவில்லை.

அரண்மனைக்கு வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் உள்ளே அக்கா மட்டும்தான் மிச்சம். அப்போதுதான் கிள்ளான்காரி வாசலை விட்டு நகர்ந்தாள். கதவு மூடியது. அவள் போய் அரியணையில் உட்கார்ந்தாள். அக்கா எழுதிய முடிவுரை அவள் திரையில் ஓடியிருக்கும். எனக்கு அது மனப்பாடம்: "அரண்மனை அமைதியானது. அவள் வென்றாள். இனி அவளைத் தேடி யாரும் வர வேண்டியதில்லை. அவளும் யாரையும் தேட வேண்டியதில்லை."

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். பதில் வந்தது.

"ஐயோ பாவம் லா. இத எழுதினவங்க வீட்டுக்கு யாருமே வரமாட்டாங்க போல."

எனக்குக் கோபம் வந்தது. கேபிளைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் கை கீபோர்டில்தான் இருந்தது. நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"வருவாங்க. இப்பக்கூட எங்க ஹால் நிறைய ஆளுங்க. நான்தான் ரூம்ல உட்கார்ந்திருக்கேன்."

அனுப்பிவிட்டு எழுந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். நான் திரையை மறந்து அவள் பின்னால் போனேன். அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். வாசலில் அப்போதுதான் செருப்பைக் கழற்றிய ஓர் ஆன்டி அவளைப் பார்த்ததும் கேட்டார்:

"என்னம்மா, பிரமோஷன் கிடைச்சிருச்சா?"

"இல்ல ஆன்டி, இன்னும் கிடைக்கல," என்றாள் அக்கா. "உள்ள வாங்க, முறுக்கு எடுத்துக்குங்க."