கரடிக்கூண்டில் வெள்ளையடிப்பு

கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. பனி மூடிய பகலில், கரடிக்கூண்டின் முன் நின்று புத்தம்புதிய பலகையைக் கடமையாகப் படிக்கிறேன்: 'கத்தாதீர், ஓடாதீர்.' நிமிர்ந்தால், உள்ளே குகை மாதிரி கட்டிய அறையின் வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

"கரடிய நல்லா வளத்திருக்கீங்க!" என்று பக்கத்தில் நிற்கும் காவலாளியைப் பாராட்டுகிறேன், ஏதோ அவர் பெற்ற பிள்ளை போல.

அவர் முகம் வெளுக்கிறது. "கரடியே இன்னும் கொண்டாரலங்க சார். பக்கச் சொவத்த இடிச்சி வச்சிருக்காங்க, காட்லேர்ந்து பூந்திருக்குது." குரல் இறங்குகிறது. "அந்த ரூம்புல என் தங்கச்சி வெள்ளையடிச்சிக்கினு இருக்குதுங்க."

கத்தவும் ஓடவும் எனக்கு ஆசைதான். தொண்டையும் காலும் பலகைக்குக் கீழ்ப்படிந்து நிற்கின்றன.

அவர் சுற்றிக்கொண்டு போய், அறையின் பின்கதவைத் திறந்து, தங்கையை வெளியே இழுத்துத் தாழ் போடுகிறார். கரடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அவள் கையில் சுண்ணாம்பு மட்டை சொட்டுகிறது. முன்பக்கம் வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்புகிறாள்.

"வாசல்ல ஒக்காந்திருந்தது நீ இல்லியாண்ணா? நான் பேசப் பேச உம் கொட்டிக்கினே இருந்துச்சே!"