மூன்று எழுத்துக்கு இடமில்லாத லேபிள்

முந்தாநாள் என் மகனை அடித்துவிட்டேன். இருபது வயதுப் பிள்ளை. என்னைவிட அரைச் சாண் உயரம். அவன் கன்னத்துக்கு என் கை எட்டுவதற்கு நான் கொஞ்சம் எக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். ஊரார் பிள்ளைகளைக்கூட அப்படி அடித்ததில்லை.

நடராசன் வேலூரில் காலேஜில் படிக்கிறான். ரஜாவுக்குக் குடியாத்தம் வந்தவன் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க டர்பன்டைன் நெடி. உள்ளே துணிமணிக்குப் பதில் வரிசையாகத் தகர டப்பாக்கள். பூட்ஸ் பாலிஷாம். அவனும் அவனோடு படிக்கிற முனுசாமியும் சேர்ந்து மெழுகு, டர்பன்டைன், விளக்குக் கரி எல்லாம் போட்டுக் காய்ச்சி, வக்கீல்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் விற்கிறார்களாம். முனுசாமி பேரணாம்பட்டுப் பிள்ளை. அவன் வீட்டில் எல்லாரும் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அங்கே போய்ச் செருப்பு கேட்டு ஏமாந்த வெளியூர்க்காரர்கள் உண்டு. எந்தத் தோல் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று முனுசாமிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். "பக்குவம் பூரா அவன்துதாம்ப்பா" என்று என் மகனே சொன்னான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு டப்பாவை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். 'நடராசன் பாலிஷ். தயாரிப்பவர்: ஆ. நடராசன், குடியாத்தம்.' திருப்பிப் பார்த்தேன். பின்னால் வெறும் தகரம்.

"முனுசாமி பேரு எங்கடா?"

"அவன் பேரப் போட்டா எவம்ப்பா வாங்குவான்? யாவாரம் இன்னான்னு உங்களுக்குத் தெரியாது."

அடித்தது அப்போதுதான். அடிக்கும்போது என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. என் மனைவி பிறகு சொன்னாள். "தாவீது பேரு எங்கடா? தாவீது பேரு எங்கடா?" என்று கத்தினேனாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தாவீது என்று ஒருவரைத் தெரியாது. மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியைவிடக் குழப்பம் அதிகமாகி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பைத்தியம் பிடித்த அப்பனைப் பார்க்கிற பார்வை.

எனக்கு வியாபாரம் தெரியாதாம். அவன் வயதில் நான் ஒரு கம்பெனிக்கு முதலாளி. சொன்னால் நம்புவானா?

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். சீமை மைக்குக் கிராக்கி வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு சீசாவை எடுத்துக் கண்ணில் காட்டிவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டுவார். கருட சேவை பார்த்தது போலக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். நான் வேலூர்க் காலேஜில் முதல் வருஷம். இருந்த மையில் தண்ணீர் ஊற்றி ஊற்றி எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் என் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா இது, மையா மோரா?"

அவன்தான் தாவீது. ஆம்பூர்க்காரன். கிறிஸ்தவப் பிள்ளை. அவன் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிறவர். நாங்கள் நெசவுக்காரர்கள். எங்கள் வீட்டில் நூலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றக் கடுக்காயை ஊறவைத்துக் காய்ச்சி, அதில் அன்னபேதியைக் கரைத்து விடுவார்கள். அன்னபேதி என்பது பச்சை நிறத்தில் கற்கண்டு போல இருக்கிற இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்த நிமிஷத்தில் பானை அமாவாசையாகிவிடும். மோர் என்று சொன்ன ரோஷத்தில் இதையெல்லாம் அவனிடம் அளந்தேன்.

அவன் சிரித்தான். "கடுக்காயா? தோல் ஊறப்போட எங்க ஷாப்புல மலையாட்டம் குவிஞ்சி கெடக்குதுடா. நொறுங்கிப் போனத பெருக்கித் தள்றாங்க."

கம்பெனி தொடங்கியது அப்படித்தான். ஷாப்பு முதலாளி சாயபுவிடம் போய் நின்றோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலேஜ் பசங்க கம்பெனி வெக்கிறானுங்களாம்! எடுத்துக்கினு போங்க தோஸ்த், கடுக்காய் எனக்குக் கம்மியா போய்டாது" என்றார். கிடங்கில் பெருக்கிய நொறுங்கல், சுத்தமான சரக்கு. அதையும் தாவீது அப்படியே எடுக்க மாட்டான். ஒவ்வொன்றாகக் கையில் எடைபார்த்து, உடைந்த இடத்தை நக்கிப் பார்த்து, பூச்சி விழுந்ததைத் தூர எறிவான். நான் எடுத்துக் கொடுத்ததில் பாதியை எறிந்துவிடுவான். "வாத்தியாருக்குப் பொறந்தவனா நீ, நெசவாளிக்குப் பொறந்தவனா? ஒரு காய் பாக்கத் தெரியல" என்பான். வாத்தியார் என்று அன்றே என்னைத் திட்டியிருக்கிறான், பலித்துவிட்டது.

அவன் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையின் பின்புறம்தான் பட்டறை. மூன்று நாள் ஊறல், அரை நாள் காய்ச்சல், என் பழைய வேட்டியில் வடிகட்டல், பிறகு அன்னபேதி, கடைசியில் வேலம்பிசின். முதல் ஈடு பத்தே நாளில் பூஞ்சணம் பூத்தது. வாங்கியவன் ஒருவன் சீசாவைக் கொண்டுவந்து, "மை கேட்டா தயிர ஊத்திக் குடுத்துட்டீங்களே, தொட்டுக்க ஊறுகாய் எங்க?" என்றான். அதற்கும் தாவீதுதான் வழி கண்டுபிடித்தான். அவன் அம்மா பல்வலிக்கு வைத்துக்கொள்கிற கிராம்பை நாலு தட்டிப் போட்டான். பூஞ்சணம் போயிற்று, மை மணந்தது. எங்கள் மையில் பரீட்சை எழுதியவர்களின் விடைத்தாள் பிரியாணி வாசனை அடிக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பி, அதனாலேயே நாலு சீசா கூட விற்றது. பாலாற்று மை என்று பெயர். பால் என்று பெயர் வைத்துக் கறுப்பை விற்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். தண்ணீர் பட்டாலும் கலையாது, காலத்துக்கும் அழியாது என்று கூவி விற்றோம். அது பொய்யில்லை.

லேபிள் அடிக்கலாம் என்று முடிவானபோது தாவீது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எம் பேரும் வரணும்டா. எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எம் பேரு மூணு எழுத்த மட்டும் மணல்ல எழுதி எழுதிக் காட்டிக் கத்துக்குடுத்து வெச்சிருக்கேன். எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சிடுவாரு."

"இதெல்லாம் கேக்கணுமாடா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு பெயரையும் எழுதிய தாளோடு அச்சாபீசுக்குப் போனேன். அச்சாபீஸ்காரர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், காப்பி வாங்கிக் கொடுத்தார். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

"யாருப்பா இந்தத் தாவீது? ஆம்பூர்ப் பையனா? இந்தப் பேரப் போட்டா எவன் வாங்குவான்? மெஸ்ஸு மெஸ்ஸா மையக் கொட்டிடுவானுங்க. நல்லா யோசன பண்ணிச் சொல்லு."

யோசனை பண்ணினேன். காப்பி ஆறுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். பென்சிலை அவரே எடுத்துக் கொடுத்தார். அடித்தது என் கை. மூன்று எழுத்தை அடிக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு கோடு.

தாவீதிடம், "லேபிள்ல எடம் போதலடா. அடுத்த தபா பெரிசா அடிக்கும்போது போட்டுடலாம்" என்றேன். அவன் லேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தான். என் பெயருக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் வெள்ளையாகக் கிடந்தது. பார்த்துவிட்டு, "செரிடா" என்றான். பசை கிண்ட உட்கார்ந்துவிட்டான்.

மை நன்றாக விற்றது. அச்சாபீஸ்காரர் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தாவீது கடுக்காய் மூட்டையோடு ரயிலிலிருந்து இறங்கியதை எவனோ பார்த்திருக்கிறான். மூட்டையின் மேல் ஷாப்பு முத்திரை.

"இன்னாப்பா, தோல் ஊறின தண்ணியிலயா மை காச்சறீங்க? அத்த கையால தொட்டுட்டு நாங்க சோறு திங்கணுமா?"

கேட்டவன் காலில் புத்தம் புதிய ஆம்பூர்ச் செருப்பு, நடந்தால் கிறீச் கிறீச்சென்று கத்துகிற செருப்பு. அது எந்தத் தண்ணீரில் ஊறியது என்று நான் கேட்டிருக்கலாம். இந்த முப்பது வருஷத்தில் ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன், குளிக்கும்போது, கரும்பலகையில் எழுதும்போது, தனியாக நடக்கும்போது. அன்று கேட்கவில்லை.

"சேச்சே, சரக்கெல்லாம் எங்க வூட்டு சாயப்பட்டறையில இருந்து வருது. அவன் சும்மா மூட்ட தூக்கறவன்" என்றேன்.

அந்த வார்த்தை எனக்கு முன்னால் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் தாவீது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். என் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் பாடத்தைக் கவனிப்பது போல அப்படிக் கவனித்தேன்! அந்த வாரம் நடந்த பாடம் ஒரு வரிகூட மண்டையில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா வந்தார். கோயிலில் ஜெபம் முடிந்து, வெள்ளை வேட்டியோடு, ரயிலேறி வந்திருந்தார். சுண்ணாம்பு தின்ற பாதங்கள், வெடித்து வெளுத்து, வறண்ட பாலாறு மாதிரி. மடியை அவிழ்த்துக் கடுக்காயைத் தரையில் கொட்டினார். ஒன்றும் நொறுங்கல் இல்லை. எல்லாம் முழுசு, பொன் நிறம்.

"நொறுங்கல்ல ஏன் சாமி காச்சறீங்க? நல்லதா பொறுக்கிக் காசு குடுத்து வாங்கியாந்தேன்" என்றார். என் அப்பாவைவிட மூத்தவர் என்னைச் சாமி என்றார். நான் திருத்தவில்லை.

பிறகு சீசாவைக் கேட்டார். கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினார். லேபிளின் மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். கடைசி வரைக்கும் போய், திரும்ப மேலே வந்தார். சீசாவைச் சுற்றிப் பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார்.

"எங்க சாமி இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

தாவீதுதான் பேசினான். "இது சின்ன சீசாப்பா. பெரிய சீசாவுலதான் போட்டிருக்குது. எல்லாம் வித்துப் போய்டுச்சி."

"வித்துப் போச்சா!" அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப ஜாஸ்தி யாவாரம்னு சொல்லு." என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சுப் போன கை, தோல் மாதிரியே. "எம் புள்ளையக் கூட்டு சேத்துக்கினியே சாமி, நீ நல்லா இருக்கணும்."

நல்லாத்தான் இருக்கிறேன். உத்தியோகம், ஓட்டு வீடு, காலேஜ் படிக்கிற மகன்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்த தாவீது, அறையின் பின்னால் போய் அன்னபேதிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். "இது உன்னுது." அவன் அப்பா கொட்டிய கடுக்காயை ஒவ்வொன்றாகத் துண்டில் பொறுக்கிக் கட்டிக்கொண்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த மாதக் கடைசியில் காலேஜையும் விட்டுப் போய்விட்டான்.

நான் தனியாகக் கம்பெனி நடத்தினேன், கேளுங்கள்! கடைத்தெருவில் கடுக்காய் வாங்கிக் காய்ச்சினேன். நல்ல காய் எது என்று தெரியாது. எல்லாம் பூச்சி விழுந்தது. மை பழுப்பாக, சுக்குக் கஷாயம் மாதிரி வந்தது. லேபிளில் என் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு மாதத்தில் கடை கட்டினேன்.

இதை மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். அடிக்கத் தெரிந்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்று அவன் அம்மாவிடம், "தாவீது யாருன்னு அப்பாவக் கேளு" என்றானாம். அவள் வந்து கேட்டதற்கு நான் திண்டாடிக்கொண்டு, "சாப்ட்டானா?" என்று கேட்டேன். இன்று காலை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வேலூர் வண்டி ஏறிவிட்டான். சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு டப்பா மட்டும் என் மேஜைமேல் இருக்கிறது. அதன் லேபிள் கிழிக்கப்பட்டிருக்கிறது. வேறு லேபிள் அடிக்கப் போகிறானா, என் மேல் உள்ள கோபத்தில் கிழித்தானா, தெரியவில்லை. அவனும் அச்சாபீசில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். நான் அங்கே இருக்க மாட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

தாவீது போன சில வருஷம் கழித்து ஆம்பூருக்குப் போய் அவனைத் தேடியிருக்கிறேன். சாயபு காலமாகிவிட்டார். கடுக்காய்க் கிடங்கு இருந்த இடத்தில் ஏதோ மெஷின் சத்தம். புது மாதிரிப் பதனிடலுக்கு வேறு மருந்து வந்துவிட்டதாம். தொட்டிக்காரர்களின் வீட்டு வரிசையே இல்லை. தாவீதின் அப்பாவும் செத்துப் போனார் என்றார்கள். தாவீது கோலார் பக்கம் போனதாக ஒருவன் சொன்னான், கடல் தாண்டிப் போனதாக இன்னொருவன் சொன்னான்.

என் பழைய நோட்டுகள் மட்டும் பரணில் இருக்கின்றன. தாவீது காய்ச்சிய மையில் எழுதிய பக்கங்கள் இன்றும் காக்காய்க் கறுப்பு. ஓர் எழுத்து மங்கவில்லை. அழியாது என்று கூவி விற்றோமே, அந்த மை. அத்தனை பக்கத்தையும் நேற்று புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெரியவருக்குப் படிக்கத் தெரிந்த மூன்று எழுத்தை நான் ஓரிடத்தில்கூட எழுதி வைக்கவில்லை.