பூஜையில் வைத்த ரிவால்வர்

என் கணவர் சிவராமகிருஷ்ணன் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். எறும்புக்கு மருந்து வைக்கச் சொன்னால் நாலு நாள் யோசிப்பார். இது 1999இல் நடந்தது. ஹூஸ்டனில் பம்ப் டிசைன் செய்யும் வேலை, புறநகரான கேட்டியில் வாடகை வீடு. இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ரிவால்வர் வாங்கி வந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமைகளில் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு இரும்புத் தகட்டைச் சுடுகிறார்களாம். அதற்குத்தான். பழங்காலத் துப்பாக்கியின் நகல். மருந்தையும் குண்டையும் தனித்தனியாகத் திணிக்க வேண்டும்.

"லா படி இது கன்னே இல்ல நாகு. யாரு வேணா வச்சுக்கலாம்" என்றார். தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு கவலை.

சென்னையில் நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். இங்கே அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், வேலைக்குப் போகக்கூடாது. கிரீன் கார்டு வந்தால்தான் எனக்கு விடிவு. அதற்காக ஐந்து வருடமாகச் சாம்பார் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். எரிச்சலில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவர் காதில் விழாது, கராஜில் இருப்பார்.

நண்பர்கள் எல்லாரும் மருந்தும் குண்டும் சேர்ந்தே வரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டு முடித்துவிடுவார்களாம். இவர் மட்டும் நின்று திணித்துக்கொண்டிருப்பாராம். அதனால் தன்னுடையதையும் தோட்டாவுக்கு மாற்ற, குண்டு நிரப்பும் உருளையை வேறொன்றாகத் தபாலில் வரவழைத்தார். அது சுழன்றால் நிற்கவில்லை, நின்றால் சுழலவில்லை. கோடை முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். அந்தக் கோபத்தையெல்லாம் என்மேல் காட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால் "டூ மினிட்ஸ்!" ரசம் ஆறி, அப்பளம் நமத்து, எனக்கும் பசி செத்துப்போகும்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் உருளை பொருந்திவிட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பூஜையில் என் பழைய ஆடிட்டிங் புத்தகத்துக்குப் பக்கத்தில், ஸ்பானர் வரிசையில் ரிவால்வரையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

பத்மநாபன் மாமா எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து சிட்டிசன் ஆனவர். சுண்டல் கிண்ணத்தோடு குனிந்து பார்த்தார்.

"சிவா, இதுல இப்ப கார்ட்ரிட்ஜ் போடலாமா?"

"பேஷா! சூப்பரா லாக் ஆறது."

"அப்ப இது ரியல் கன்னுடா. நீ இன்னும் ஹெச் ஒன் விசாதானே? ஹெச் ஒன்காரா கன் வச்சுக்கப்படாதுன்னு போன வருஷம் லா மாத்தியாச்சு. மாட்டிண்டா கிரீன் கார்டு காலி. ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா மட்டும் எக்செப்ஷன்."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏன்னா, இப்பவே அந்த உருளையக் கழட்டுங்கோ."

"பூஜையில வச்சத நாளைக்கு வரைக்கும் தொடப்படாது, நாகு."

அடப்பாவி மனுஷா! என் ஐந்து வருடம் அங்கே குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது, இவர் சாஸ்திரம் பேசுகிறார். அன்று யார் கார் வாசலில் நின்றாலும் எனக்குப் போலீசாகத் தோன்றியது.

விஜயதசமி காலை, மறுபூஜை முடிந்ததும் மறுபடி சொன்னேன். "சம்மர் பூரா உழைச்சிருக்கேனே" என்று குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கழற்றவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய், அரை மணியில் ஹண்டிங் லைசென்சோடு வந்தார். மான் சுடலாம், வாத்து சுடலாம், காட்டுப்பன்றி சுடலாம்.

"ஸ்போர்ட்ஸ் கடையிலயே தரா, நாகு. டிரைவர்ஸ் லைசென்ஸ் மட்டும்தான் பாத்தா. டென் மினிட்ஸ்!" என்று சிரித்தார்.

எனக்கு அழுகைதான் வந்தது. "மானைக் கொல்ல உங்களுக்குப் பத்து நிமிஷத்துல பர்மிஷன். ஒரு ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் பாக்க எனக்கு அஞ்சு வருஷமா இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. லைசென்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விஜயதசமியன்று புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். பூஜையிலிருந்து என் ஆடிட்டிங் புத்தகத்தை எடுத்தேன். போன வருடம் படித்த அதே முதல் பக்கத்தைப் படித்தேன்.