நானே திருப்பி அனுப்பிய கடிதங்கள்

கணவர் இறந்த மறு வருடம், கெபெக் மாகாணத்தில் கோட்-டெ-நெய்ஜிலுள்ள என் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையில் அவருடைய பெயர்தான் கண்ணில் பட்டது. இறந்தவரை யார் தேடுகிறார்கள்? ஏதும் பழைய கடனோ என்ற பயத்தில், பிரிக்காமலே ‘இங்கு இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பிறகும் இரண்டு வந்தன. அவற்றையும் அப்படியே அனுப்பினேன்.

அறுபத்தாறு வயதில் பிரித்தானிய அரச ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தேன். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. பக்கத்து ஊரான லொங்குய்யில் இருக்கும் தம்பி பத்திரங்களைப் பார்த்தான்.

“அக்கா, நீங்கள் லண்டன் பிஸ்கட் ஃபக்டரியில வேலை செய்த வருசங்களுக்கு, அரசாங்கம் தாற மேலதிக பென்சனுக்குப் பதிலா கொம்பனிதான் தரவேணும். சட்டத்தில ஒரு குறைஞ்ச தொகை இருக்கு. அதுக்குக் கீழ குடுக்க ஏலாது. அவையள் உங்களுக்கு எழுதேல்லையோ?”

“இல்லை” என்று சொல்லும்போதே, திருப்பி அனுப்பிய அந்த மூன்று உறைகளும் நினைவுக்கு வந்தன.

லண்டனில் நான் கணவர் பெயரைச் சேர்த்து எழுதிய திருமதி. கெபெக்கில் கல்யாணம் கட்டிய பெண்ணுக்கும் பிறந்த பெயர்தான். இங்கு வந்த இருபத்தைந்து வருடத்தில் அந்த லண்டன் பெயரை மறந்தே போனேன்; உறைகளில் இருந்தது அதுதான்.

மறுநாள் அந்தக் கொம்பனியின் ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் அந்த முகவரியில் இல்லை என்று மூன்று முறை கையால் எழுதி வந்ததாகவும், அதனால் என் கோப்பை நிறுத்திவைத்ததாகவும் சொன்னார்கள். அது யாருடைய கையெழுத்து என்று நான் சொல்லவில்லை.

திருமணச் சான்றிதழை அனுப்பியிருக்கிறேன். தபால்பெட்டியில் இப்போது என் இரண்டு பெயர்களையும் ஒட்டியிருக்கிறேன். தினமும் திறந்து பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.