கோடு போட்ட கோதுமைக் கதிர்

என் மகளுக்கு வயிறு தமிழில் வலித்ததே இல்லை. "மா, பேட் பேத்தா கொர்ச்சே" என்றுதான் சொல்வாள். கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள்; பசி, தூக்கம், சண்டை எல்லாம் அவளுக்கு முதலில் வங்காளத்தில்தான் வரும். அதைக் கேட்டதும் நான் வேறெதையும் யோசிக்காமல் சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் மோரில் உப்பும் பெருங்காயமும் கரைத்துக் கொண்டுவருவேன். திருநெல்வேலிப் பக்கம் வயிற்றுவலிக்கு அதுதான் முதல் மருந்து. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிடுவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம். அவளுக்கு எட்டு வயது. வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம், கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். அலிப்பூரில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்துவிட்டு, கோதுமை இவள் உடம்புக்கு ஆகாது என்றார். வாழ்நாள் முழுக்க ஒரு துளிகூடக் கூடாது. உள்ளே போனால் குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும், பிள்ளை வளராது.

"இவ்வளவுதானா?" என்றார் என் கணவர், டாக்ஸியில் திரும்பும்போது. "நாம அரிசி திங்கிறவங்க. சப்பாத்தி திங்கிறவன்லா கவலைப்படணும்." அவர் ரயில்வே தலைமை அலுவலகத்தில் ஒவ்வொரு பில்லையும் நாலு தரம் புரட்டிப் பார்க்கிறவர். வீட்டுக்கு வந்தால் வெளுத்ததெல்லாம் பால்.

சோறு சரி. பள்ளிக்கூட டிபன் டப்பாவுக்கு என்ன செய்வது? பக்கத்தில் இருக்கிற பிள்ளை கேக் தின்னும்போது இவள் முறுக்கைக் கடித்துக்கொண்டு இருப்பாளா? ஆகவே கிதிர்பூர் போனோம். துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சந்தையில் கப்பலில் வந்த சாக்லேட், சோப்பு, சென்ட் எல்லாம் கிடைக்கும். கோதுமை இல்லாத பிஸ்கட்டும் ஒரு கடையில் இருந்தது. தகர டப்பா. எழுத்து எந்த நாட்டுடையது என்றே தெரியவில்லை. மேலே ஒரு கோதுமைக் கதிரின் படம், அதன் குறுக்கே ஒரு கோடு.

கோதுமை இல்லை என்றுதான் அர்த்தமாக இருக்கவேண்டும். ஆனால் அடுத்த டப்பாவில் அதே கதிர் கோடில்லாமல் இருந்தது. உள்ளே இருந்த பிஸ்கட் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. தேதிச் சீட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு சீட்டு. "ஜஹாஸ் கா மால் ஹை, பாபி" என்றார் கடைக்காரர். கப்பல் சரக்கு என்று சொல்லிவிட்டால் அங்கே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதாக ஆகிவிடும். எந்தக் கப்பல் என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் தென் கல்கத்தாவில் ஓர் ஆர்கானிக் கடை திறந்தார்கள். ஏசி, மூங்கில் கூடைகள், காக்கிக் காகிதப் பைகள். பிஸ்கட்டை நானே சுட்டுவிடலாம் என்று கேழ்வரகு மாவு வாங்கப் போனேன். பையில் ஒரு பச்சை இலைப் படம். இதில் கோதுமை கலந்திருக்குமா என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டால், இது முழுக்க நேச்சுரல் மேடம் என்றாள். கோதுமை மட்டும் என்ன, பிளாஸ்டிக்கா? பூச்சி மருந்து அடிக்காத கோதுமையும் என் பிள்ளைக்கு விஷம்தான். இதை எந்த மில்லில் அரைத்தீர்கள், அதற்கு முன்னால் அதில் என்ன அரைத்தீர்கள் என்று கேட்டேன். அவள் இலைப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். வாங்கினேன். நம்பி வாங்கினேனா, வேறு வழியில்லாமல் வாங்கினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வலி விட்டபாடில்லை. பிஸ்கட்தான் காரணம் என்று டப்பாவைத் தூக்கி எறிவேன். பிறகும் வலிக்கும். அப்படியானால் மாவு. மாவை நிறுத்தினால் நாலு நாள் நன்றாக இருப்பாள், ஐந்தாம் நாள் சுருண்டு படுப்பாள். ஒரு மழைக்காலம் முழுக்க வலியே இல்லை. விலை கூடிய ஒரு பிஸ்கட்டை அப்போது ஆரம்பித்திருந்தேன்; எல்லாம் அதன் மகிமை என்று நினைத்து டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கினேன். துர்கா பூஜை விடுமுறையில் மறுபடி "பேத்தா" என்றாள். புது டப்பாக்கள் போலி என்று கிதிர்பூர் கடையில் போய்ச் சண்டை போட்டேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உள்ளே முழுக்கப் பயம். அதைக் கோபமாகத்தான் வெளியே காட்டத் தெரிந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டு பௌதியைச் சந்தேகப்பட்டேன். எனக்கு அவள் பௌதி, அதாவது அண்ணி; என் மகளுக்குக் காக்கிமா, சித்தி. பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அங்கேதான் ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பௌதி மைதாமாவில் லூச்சி என்கிற பூரி பொரிக்கும் வாசனை எங்கள் படிக்கட்டு வரைக்கும் வரும். குழந்தை ஆசையாகப் பார்த்தால் ஒன்றுதானே என்று கொடுத்துவிடுகிறீர்களா என்று, எனக்குத் தெரிந்த வங்காளத்தில் வாசலில் நின்றே கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லூச்சி வாசனை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் அவளே வந்தாள். குழந்தைக்காக உளுத்தம்பருப்பில் ஒரு தால் வைக்கப்போவதாகவும், அதற்குப் பெருங்காயம் வேண்டுமென்றும் சொன்னாள். "உங்கள் வீட்டுப் பெருங்காயத்தையே கொடுங்கள் திதி, அப்போது யாருக்கும் பயமில்லை" என்றாள். குத்திச் சொன்னாளா, அக்கறையாகச் சொன்னாளா, தெரியவில்லை. என் நாத்தனார் ஊரிலிருந்து ஆள்வசம் அனுப்பும் பெருங்காயம் அது. வந்தவுடன் எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டு அட்டையைக் குப்பையில் போடுவதுதான் என் வழக்கம். அன்றைக்கு ஒரு புதுப் பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். பெட்டி பிரிக்கப்படவில்லை.

"திதி, ஏத்தே தோ மொய்தா ஆச்சே."

அக்கா, இதில் மைதா இருக்கிறதே என்கிறாள். பின்பக்கம் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்தது. பிசின், மைதா, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். கிதிர்பூரில் தெரியாத எழுத்தையெல்லாம் எழுத்துக்கூட்டப் பார்த்தவள், எனக்குத் தெரிந்த எழுத்தில் இருந்ததை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

"எங்க அக்கா அனுப்புதத போயி சந்தேகப்படுதியா?" என்றார் என் கணவர், சாயங்காலம். "காலங்காலமா திங்கோம்."

"நான் சொல்லலைங்க. அதுலயே எழுதியிருக்கு."

வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். "இம்புட்டுக்காணுதான போடுதோம்" என்றார்.

"டாக்டரும் ஒரு துளின்னுதான் சொன்னாரு."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். வலியே இல்லாத அந்த மழைக்காலத்தில் ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரும் அகப்படாமல் பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாம்பாரிலும் ரசத்திலும் போட்டது போகட்டும். அவள் வலியென்று வந்து நின்றபோதெல்லாம் மோரில் கரைத்துக் கொடுத்தேனே. பௌதியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

பெருங்காயத்தை நிறுத்தினேன். அதே வாரம் பயத்தில் மாவுக் கடையையும் மாற்றினேன், பிஸ்கட்டையும் விட்டேன். அதனால் எது அவளைப் படுத்தியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. டாக்டரும் எதுவாகவும் இருக்கலாம் என்றார். பிள்ளை வளர ஆரம்பித்தாள், அது மட்டும் நிச்சயம்.

கோடையில் ஒரு நாள் மாங்காயை நிறையத் தின்றுவிட்டு "பேத்தா" என்று வந்தாள். இது சாதாரண வலிதான். மோரில் உப்பு மட்டும் போட்டுக் கொண்டுபோனேன். வாசனை இல்லாததால் மூக்கைப் பிடிக்கவில்லை. டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு மா?" தமிழில்தான் கேட்டாள்.

"மோரும் உப்பும்."

"உப்பு பாக்கெட்ட எடுத்துட்டு வா."

கொண்டுவந்து கொடுத்தேன். பின்பக்கம் திருப்பி, உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாக அவள் படித்து முடிக்கிற வரைக்கும் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.