விரல் நீளக் குழாய்

திண்டுக்கல் பக்கம் எரியோடு எங்களுக்கு ஊர். நான் நூல் மில்லில் வேலை. என் வீட்டுக்காரருக்குப் பீடிப் பழக்கம். அதனாலேயே இடது காலில் ரத்தக்குழாய் அடைத்து, விரல் கறுத்துப்போச்சு. மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பீடியை விடாவிட்டால் மற்ற காலும் போகும் என்றார் டாக்டர்.

எடுத்த காலை நாங்கள் ஆஸ்பத்திரியிலேயே விட்டு வருவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதைப்போம். உயிர்த்தெழும் நாளில் ஆள் முழுசாக எழணும்.

ஆராய்ச்சி செய்கிற பொண்ணு ஒன்று வார்டுக்கு வந்தது. "அம்மா, அந்தக் காலிலிருந்து விரல் நீளம் ரத்தக்குழாய் தருவீங்களா? லேசர் வெளிச்சத்துல பாக்கணும்."

"நறுக்கிப் பொடியாக்கிருவீங்க."

"இல்லம்மா. சாயம்கூட ஏத்த மாட்டோம். வெளிச்சம் பட்டா குழாயே மினுங்கும். அதைப் படம் பிடிச்சுக்குவோம்."

"அப்பத் திருப்பிக் குடு. குழியில சேக்கணும்."

கட்டிலில் இருந்து இவர் சொன்னார்: "காலே போச்சு. இவ குழாய்க்கு மல்லுக்கு நிக்கிறா."

பொண்ணு பெரிய டாக்டர்களிடம் கேட்டு வந்து சரி என்றது. இவர் கையெழுத்துப் போட்டார். காலை வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைத்தோம்.

மாசக்கணக்கில் தகவல் இல்லை. இவர் கட்டை ஊன்றி நடக்கப் பழகினார். நான் மில்லுக்குப் போனதும் பீடி. வீடு நாறும். கேட்டால், "பக்கத்து வீட்டுப் புகை."

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தால் வாசலில் அந்தப் பொண்ணு. பையில் மருந்துத் தண்ணியோடு சின்ன பாட்டில், அதுக்குள் அந்தக் குழாய். கூடவே கலர்ப் படம்.

"பச்சையா வளையம் தெரியுதுல்ல, அது குழாயோட சுவரு. உள்ள இருக்கிறது அடைப்பு."

"ரத்தம் போற வழி எங்க தாயி?"

பென்சில் முனையை வைத்துக் காட்டியது. ஊசி நுழையாது.

இவர் படத்தைக் கீழே வைக்கவில்லை. "இந்தக் காலும் இப்பிடித்தானா?"

"அதுல வழி இருக்குன்னு டாக்டர் சொல்றாருய்யா. இன்னும்."

மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இவருக்கு ஒரு பக்கம் கட்டை, ஒரு பக்கம் என் தோள். காலைப் புதைத்த இடத்தில் களைக்கொத்தால் தோண்டினேன். குழாயைத் துணியில் முடிந்து வைத்தேன்.

"செத்த நேரம் இரு."

இவர் வேட்டி மடிப்பிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார். உள்ளே போட்டார்.

"அதுக்குத் தொணை வேணாமா?"

பொண்ணு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இவர் மனசு மாறுவதற்குள் மண்ணைத் தள்ளினேன்.